ஊருக்குள் இருக்கும் பழஞ்சின்னங்கள்: புதுக்கோட்டை மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை என்று பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூர் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு பல வருடமாகச் சுற்றுகிறேன். எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுக்கு மாடி எடுக்கலாமா, வயலை உழலாமா, கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பண்ணலாமா என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். இந்த மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேர் கிராமத்தில் வாழ்கிறோம். சின்னங்களும் அந்தக் கிராமங்களுக்குள்ளேயேதான் இருக்கின்றன.

அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

பாதுகாக்கப்பட்ட சின்னம்னா என்ன சார்? பழைய கோயில் எல்லாமே அதுதானே?

இல்லை. பழமை மட்டும் போதாது. ஒரு கட்டடமோ, குகையோ, கல்வெட்டோ, புதைகுழி மேடோ குறைந்தது 100 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். அதை அரசு தேர்ந்தெடுத்து, அரசிதழில் பெயர் போட்டு அறிவித்திருக்கவும் வேண்டும். அறிவிப்பு வந்தால்தான் சட்டப் பாதுகாப்பு. ஆயிரம் வருடக் கோயிலாக இருந்தாலும் அறிவிப்பு இல்லையென்றால் இந்தச் சட்டம் அதைத் தொடாது.

அறிவிக்கிற கைகள் இரண்டு. ஒன்று மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. அதற்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். இன்னொன்று 1961-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. அதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம். அறநிலையத்துறையை மூன்றாவது கையாகப் பலரும் நினைக்கிறார்கள். அது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் துறை. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூசை, உண்டியல், நிலம், ஊழியர் எல்லாம் அதன் பொறுப்பு. அறநிலையத்துறைக் கோயில் என்பதாலேயே ஒரு கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகிவிடாது.

எங்க ஊர்ல இருக்கிறது மத்திய அரசுதா, மாநில அரசுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் பலகையைப் பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் பெரும்பாலும் நீலப் பலகை ஒன்று நிற்கும். எந்தச் சட்டத்தின்படி இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று அதில் எழுதியிருக்கும். மாநிலத் துறையின் பலகையில் தமிழ்நாடு அரசு என்று தெளிவாக இருக்கும். கோயில் வாசலில் செயல் அலுவலர் பெயர் போட்ட பலகை மட்டும் இருந்தால் அது அறநிலையத்துறை நிர்வாகம்.

பலகையிலேயே ஒரு விஷயம் கவனியுங்கள். சில இடங்களில் இன்னும் பழைய பலகையே இருக்கிறது: மூன்று மாதம் சிறை, ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று எழுத்து வெளிறிப்போய் நிற்கும். அது 1958-ல் போட்ட தண்டனை. 2010-ல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று உயர்த்திவிட்டார்கள். பழைய பலகையை நம்பி "ஐயாயிரம்தானே" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பலகையே இல்லையென்றால்? இல்லாததால் பாதுகாப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். துருப்பிடித்து விழுந்திருக்கலாம், யாராவது பிடுங்கியும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மத்தியத் துறைக்கு 2020 முதல் திருச்சியிலேயே தனி வட்ட அலுவலகம் இருக்கிறது. முன்பு போலச் சென்னை வரை போக வேண்டியதில்லை.

நம்ம மாவட்டத்துல மட்டும் ஏன் சார் இவ்வளவு? எது எதுன்னு சொல்லுங்க.

சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவில் கிடந்த நிலம் இது. முத்தரையர்கள், கொடும்பாளூர் இருக்குவேளிர் என்று குறுநில மன்னர்கள் இங்கே இருந்து ஆண்டார்கள். அப்புறம், எங்கு பார்த்தாலும் குன்றும் பாறையும். குடைந்து கோயில் எடுக்கவும், எழுத்து வெட்டவும், சமணத் துறவிகள் படுக்கவும் இடத்துக்குக் குறையில்லை. பின்னால் தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து 1948-ல் இந்தியாவோடு இணைந்தது, 1974-ல் தனி மாவட்டமானது. திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் சமஸ்தானம் 1910-லேயே ஆரம்பித்தது.

சித்தன்னவாசலில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். மலைமேல் ஏழடிப்பட்டம்: வழுவழுப்பாகத் தேய்த்த 17 கல் படுக்கைகள், அவற்றில் ஒன்றில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து. கீழே அறிவர் கோயில்: தாமரைக் குளத்து ஓவியம். அதன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள 9-ஆம் நூற்றாண்டுப் பாட்டுக் கல்வெட்டு சொல்கிறது. இன்று முன்னால் நிற்கிற தூண்கள் 20-ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை.

குடுமியான்மலைக் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வரிவரியாக வெட்டி, கடைசியில் மட்டும் தமிழில் "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்று முடித்திருப்பார்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலில் பூதி விக்ரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும். திருமயத்தில் 1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையும், அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகளும். இவை போக மலையடிப்பட்டி, குன்றாண்டார்கோயில். இதையெல்லாம் விட எண்ணிக்கையில் அதிகம், முட்புதருக்குள் கிடக்கிற கல்வட்டங்களும் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி நிறுத்திய கற்கள்) முதுமக்கள் தாழிக் காடுகளும்தான். அவற்றை யாரும் சின்னம் என்று நினைப்பதே இல்லை.

நார்த்தாமலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் என்ற கோயில், வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர். அவர் எடுத்த கற்றளியை, அதாவது கல் கோயிலை, மழை இடித்துவிட்டது, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான் என்று அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் எழுத்து தெளிவாக எழும்பித் தெரியும். பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே பழுதுபார்த்தவன் பெயரைப் போற்றி எழுதிவைத்த ஊர் இது என்று சொல்லுவேன். ஒரு பெண் பிள்ளை, "கட்டினவர் பேரையும் அழிக்காம வச்சிருக்காரு சார்" என்றாள். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது.

அறிவிச்சுட்டா இடம் அரசாங்கத்துக்குப் போயிருமா?

போகாது. பட்டா உங்கள் பெயரில் இருந்தால் அப்படியே இருக்கும். வரி கட்டலாம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கலாம், விற்கலாம். கட்டுப்பாடு பயன்பாட்டில்தான். உரிமையாளரோடு பராமரிப்பு ஒப்பந்தம் போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அழிந்துவிடும் என்ற ஆபத்து இருந்தால் மட்டும், இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தவும் இடம் உண்டு.

"அரசாங்கம் புடுங்கிரும்" என்ற பயத்தில், தன் கொல்லையில் கிடந்த எழுத்துள்ள கல்லைக் கிணற்றில் தள்ளிவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். யாரோ சொன்னதை நம்பிச் செய்தார். பின்னால் விஷயம் தெரிந்து மிகவும் வருத்தப்பட்டார். அந்தக் கிணறும் தூர்ந்துபோய்விட்டது.

100 மீட்டர், 200 மீட்டர்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

மத்தியத் துறைச் சின்னங்களுக்கு உரிய கணக்கு இது. சின்னத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர். 1992 ஜூன் 16-ல் வந்த அறிவிப்பில் தொடங்கிய ஏற்பாடு. 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். இந்த ஜூன் 16-ஐ நினைவில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

முதல் வளையத்தில் புதுக் கட்டடம் கிடையவே கிடையாது. யாராலும் அனுமதி தர முடியாது. "ஆளைப் பிடிச்சு வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டாவது வளையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கட்டலாம். மாநிலத் துறைச் சின்னம் என்றால் மாநிலச் சட்டமும் விதிகளும்தான் பேசும். அதை மாவட்டத்தில் உள்ள தொல்லியல் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கேருந்து அளக்கணும்? சாமி இருக்கிற இடத்துலேருந்தா, மதில்லேருந்தா?

மூலஸ்தானத்திலிருந்து அளந்து, "எங்க வீடு 120 மீட்டர்" என்று நிம்மதியாக இருந்தவர்கள் பலர். சட்டம் சொல்வது, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து அறிவித்திருந்தால் அந்த நிலத்தின் கடைசிக் கல்லிலிருந்துதான் கணக்கு தொடங்கும். அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அறிவிப்பில் எந்த சர்வே எண்கள் இருக்கின்றன என்பதை. நாமே டேப் பிடித்து அளப்பதில் பயன் இல்லை. துறை அளந்து எழுதித் தருவதுதான் செல்லும்.

மலைமேல் சின்னம் இருந்தால் இன்னும் குழப்பம். நடந்து போகிற பாதை அரைக் கிலோமீட்டர் சுற்றும், வரைபடத்தில் பார்த்தால் நேர்க்கோடு 90 மீட்டர்தான் இருக்கும். நேர்க்கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

வீடு ஒழுகுது சார். ஓடு மாத்தலாமா, கூடாதா?

மாற்றலாம். முதல் 100 மீட்டருக்குள் இருந்தாலும் பழுதுபார்ப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் அனுமதி உண்டு. வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின் துறையின் ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். மனு கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஓடு மாற்றுவது, விரிசல் பூசுவது, உளுத்துப்போன கதவு நிலையை மாற்றுவது இதெல்லாம் பழுதுபார்ப்பு.

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பழுதுபார்ப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு, சுவரை முழுக்க இறக்கி அதே அளவில் புதிதாக எழுப்புகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது மறுகட்டுமானம். 100 மீட்டருக்குள் மறுகட்டுமானத்துக்கு இடமில்லை, அதே நீள அகலத்தில் இருந்தாலும். கொத்தனார் "இந்தச் சுவரு தாங்காது, எடுத்துருவோம்" என்று சொல்லும்போது வேலையை நிறுத்திவிட்டு முதலில் அலுவலகத்துக்குப் போங்கள்.

பையனுக்குக் கல்யாணம். மேல ஒரு ரூம் எடுக்கலாமா?

முதல் 100 மீட்டருக்குள் என்றால் முடியாது. உயரத்தைக் கூட்டுவதும் பக்கவாட்டில் நீட்டுவதும் புதுக் கட்டுமானக் கணக்கில்தான் வரும். இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் இருக்கிற குடும்பம், கோயிலுக்கு விளக்குப் போட்ட குடும்பம், ஒரு அறை கூட எடுக்க முடியவில்லை என்றால் அவர்களுக்கு அந்தக் கோயில் மேலேயே வெறுப்பு வருகிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஊருக்குள்ளேயே மாற்று மனை கொடுக்கப் பஞ்சாயத்தும் வருவாய்த் துறையும் முன்வர வேண்டும் என்று கேட்கிற இடத்திலெல்லாம் கேட்கிறேன்.

அடுத்த 200 மீட்டருக்குள் என்றால் வழி இருக்கிறது. மனுவை, இதற்கென்று அரசு நியமித்திருக்கிற "தகுதி பெற்ற அதிகாரி"க்குக் கொடுக்க வேண்டும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு மாதத்தில் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட நான்கு மாதம். கல்யாணத் தேதி குறிக்கிற அன்றே மனுவையும் எழுதிவிடுங்கள்.

கக்கூஸ் கட்டக்கூட அனுமதியா? கரண்டு கம்பம், குடிதண்ணிக் குழாய்?

பொதுக் கழிப்பறை, சாக்கடை, ஊருக்குக் குடிநீர் தருகிற வேலை, பொதுமக்களுக்கு மின்சாரம் தருகிற வேலை ஆகியவற்றைச் சட்டம் "கட்டுமானம்" என்ற சொல்லின் பொருளிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. அதனால் சின்னத்தின் பக்கத்துத் தெரு என்று சொல்லி ஊருக்குத் தண்ணீர்க் குழாயை மறுக்க முடியாது. பஞ்சாயத்துத் தலைவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுக்கென்று தனியாகக் கட்டுகிற கழிப்பறைக்கு இந்த விலக்கு கிடையாது. 1992-க்கு முந்தைய வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையை மாற்றி அமைப்பதென்றால் மேலே ஓடு மாற்றும் கேள்வியில் சொன்ன வழியில் மனு கொடுத்துப் பாருங்கள்.

எங்க வயல்லதான் கல்வட்டம் இருக்கு. உழலாமா?

உழலாம். 100, 200 மீட்டர் வளையங்களை விடுங்கள், பாதுகாக்கப்பட்ட நிலத்துக்கு உள்ளேயே பயிர்செய்யச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் ஒரு அடி ஆழத்துக்குள். நம் பக்கத்துக் கடலை, வரகு, கேழ்வரகுக்கு அது போதும். கிணறு வெட்டுவது, ஆழ்துளை போடுவது, மண் அள்ளுவது, ஜே.சி.பி. விட்டு மட்டம் தட்டுவது கூடாது. தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி போடுவதும் அந்த ஒரு அடியைத் தாண்டிவிடும்.

கல்வட்டத்தின் கற்களை வரப்புக்கு நகர்த்தாதீர்கள். புதைகுழி எப்படி அமைந்தது என்பதற்கு அந்தக் கல் நிற்கிற நிலையும் சாட்சி. நகர்த்திவிட்டால் அது வெறும் கல்.

மத்திய அரசு எடுத்துட்டா சாமி கும்பிட விடமாட்டாங்களாமே?

அறிவிக்கிற நேரத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தால் தொடரும். வழிபாட்டு இடத்தை அதன் இயல்புக்குப் பொருந்தாத வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. திருமயத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளுக்கு நித்திய பூசை நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. 2020-ல் கும்பாபிஷேகமும் நடந்தது.

நெடுங்காலம் பூசை நின்றுபோய், அந்த நிலையில் அறிவிக்கப்பட்ட கோயில்கள் வேறு. அங்கே புதிதாக வழிபாட்டைத் தொடங்க விடமாட்டார்கள். விஜயாலய சோழீச்சரத்தில் ஒருவர் கற்பூரம் ஏற்றப்போய்க் காவலாளியோடு சண்டை. கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. எண்ணெய்யும் கரிப்புகையும் கல்லில் ஏறக்கூடாது என்பதுதான் அவர் சொன்னது.

கும்பாபிஷேகத்துக்குத்தானே சுத்தம் பண்றோம்? சுண்ணாம்பு, பெயிண்ட், மணல் அடிக்கிறது இதுல என்ன தப்பு?

பக்தியோடு செய்து பெரிய இழப்பை உண்டாக்குகிற வேலை இதுதான். மணலைக் காற்றழுத்தத்தில் கல்மேல் அடித்தால் கருமை போய்க் கல் பளிச்சென்று தெரியும், உண்மைதான். கூடவே எழுத்தின் விளிம்பும் போகும். கல்வெட்டு எழுத்து நம் கட்டைவிரல் நகத்தின் ஆழம்கூட இருக்காது. நானே ஒரு கோயிலில் வேலைக்கு முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்பு ஏழு வரி வாசித்த இடத்தில், பின்பு விரலால் தடவினால்தான் ஏதோ இருந்தது தெரிந்தது.

எனாமல் பெயிண்ட் கல்லின் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பொருக்குப் பொருக்காக உரிய வைக்கும். கிரானைட் பலகை பதித்தால் அடித்தள வரியில் உள்ள கல்வெட்டு முழுக்க மறைந்துபோகும். பழைய சுதை வேலைக்குச் சுண்ணாம்பே சரி; சிமெண்டு வேண்டாம். பாதுகாக்கப்பட்ட கோயில் என்றால் இதில் எதையும் துறை இல்லாமல் செய்ய முடியாது. அறநிலையத்துறைக் கோயிலில் திருப்பணிக்கு முன் தொல்லியல் வல்லுநர் பார்வையிட்டாரா என்று ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பழஞ்சின்னங்கள், கோயில்கள் பற்றி 75 உத்தரவுகள் கொண்ட தீர்ப்பு ஒன்றைத் தந்திருக்கிறது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

குழி வெட்டுறப்ப சிலை, காசு, தாழி ஏதாவது வந்தா என்ன செய்யணும்?

வேலையை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை. தெரிவித்தவருக்கு அதன் மதிப்பில் பங்கு கிடைக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு, மறைத்தால் தண்டனை.

தாழிக்குள் இருக்கிற மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தங்கம் இருக்கும் என்று கொட்டிப் பார்க்கிறார்கள். இருப்பது எலும்புத்துண்டும் சிறு கலயங்களும் இரும்பும்தான். அந்த மண்ணில் கிடக்கிற நெல்மணி ஒன்று போதும், காலத்தைக் கணிக்க.

பக்கத்துல குவாரி வெடி வைக்கிறாங்க, பாறை அதிருது. யார்கிட்ட சொல்றது?

மேலே சொன்ன முதல் வளையத்தில் சுரங்க வேலைக்கும் இடமில்லை. இரண்டாவதில் உரிமம் வேண்டும். 300 மீட்டருக்கு வெளியே என்றால் கனிமவளத் துறையின் கையில் இருக்கிறது. மனுவை ஒரே இடத்தில் கொடுக்காமல் ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வெடி வைத்த நாள், நேரம், விழுந்த விரிசலின் படம் இருந்தால் மனுவுக்குப் பலம். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே மாதிரி எடுத்தால் வளர்ச்சி தெரியும்.

எங்க ஊர்க் கோயில் எந்த லிஸ்ட்லயும் இல்ல. சேர்க்க முடியுமா?

முடியும். இந்த மாவட்டத்தில் பட்டியலுக்கு வெளியே கிடப்பவைதான் அதிகம். படங்கள், சர்வே எண், கல்வெட்டு இருந்தால் அதன் படம், ஊராட்சித் தீர்மானம் இவற்றோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். மத்தியப் பட்டியல் என்றால் அரசு முதலில் இரண்டு மாத முன்னறிவிப்பு வெளியிடும். அந்தக் காலத்தில் யாரும் ஆட்சேபம் சொல்லலாம். அதைக் கேட்ட பிறகுதான் இறுதி அறிவிப்பு.

பொற்பனைக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். ஆடு மேய்க்கிற மண்மேடு என்று பலரும் கடந்துபோன இடம். 2023-ல் மாநிலத் துறை அகழாய்வைத் தொடங்கியதும் செங்கல் கட்டுமானமும் தங்க மூக்குத்தியும் வெளியே வந்தன.

செட்டிநாட்டு வீடுகளைத் தெருவோட பாதுகாக்க முடியாதா?

ராயவரம், கடியாபட்டி என்று நம் மாவட்டத்துத் திருமயம் பக்கத்திலும் நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. உத்தேசப் பட்டியல் என்பது "பிறகு பரிசீலிக்கலாம்" என்ற வரிசை மட்டுமே. அதனால் ஒரு தூணைக்கூடக் காப்பாற்ற முடியாது. நம் சட்டங்கள் தனிக் கட்டடத்தையும் தனி இடத்தையும் நினைத்து எழுதப்பட்டவை. ஆள் குடியிருக்கிற ஒரு முழுத் தெருவை, ஒரு ஊரைக் காப்பாற்ற அவை வசதிப்படுவதில்லை. 2012-ல் தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. இந்தத் தெருக்களுக்கு வழி பிறக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்திலிருந்துதான் பிறக்க வேண்டும்.

அதுவரை நடப்பது இதுதான். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள். யாரும் ஊரில் இல்லை. மழையில் ஒரு பக்கம் சரிந்ததும் பேசி முடித்து விற்றுவிடுகிறார்கள். முகப்பிலிருந்து பிரிக்க ஆரம்பிப்பார்கள்; பர்மாத் தேக்குத் தூண் ஒரு லாரி, நிலைக்கதவு ஒரு லாரி, காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும். கடைசியில் வளவு என்கிற உள்முற்றப் பகுதி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், முட்டை கலந்து பூசிய சுவர் மட்டும் அப்போதும் மினுமினுக்கும். பங்காளிகள் யாராவது இதை வாசித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: விற்பதற்கு முன் வீட்டை ஒரு முறை முழுக்க அளந்து, படம் எடுத்து, உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

லிஸ்ட்லேருந்து எடுக்கவும் முடியுமாமே?

மத்திய அரசு ஒரு சின்னத்துக்குத் தேசிய முக்கியத்துவம் இல்லை என்று அறிவித்தால் அது பட்டியலிலிருந்து நீங்கும். 2024-ல் நாடு முழுவதும் 18 சின்னங்களை நீக்க முடிவெடுத்தார்கள். காரணம், போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் அவை இல்லை. 2013-ல் தணிக்கைத் துறை 92 சின்னங்களைக் காணவில்லை என்று சொன்னதன் தொடர்ச்சி அது. மாடி கட்ட வேண்டும் என்பதற்காக நீக்கச் சொல்லி மனு போட்டால் நடக்காது.

வீடு 92-க்கு முந்தியதுதான். ஆனா எழுத்துல ஒண்ணும் இல்லையே சார், எப்படி நிரூபிக்கிறது?

எழுத்தில் ஏதாவது இருக்கும். வீட்டு வரி ரசீதுதான் முதல் சாட்சி. பஞ்சாயத்து அலுவலகத்துப் பழைய வரிக் கேட்புப் பதிவேட்டிலும் உங்கள் கதவு எண் இருக்கலாம். மின் இணைப்பு கொடுத்த தேதி மின்வாரியத்தில் இருக்கும். பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பாகப் பத்திரம், கடன் பத்திரம் எல்லாம் உதவும். வீட்டில் யாருக்காவது 1992-க்கு முன் கல்யாணம் நடந்திருந்தால் வாசலில் நின்று எடுத்த படத்தைத் தேடுங்கள். ஒரு அம்மா அப்படித்தான் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கி, 1987-ஆம் வருடத்துக் கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். பின்னால் ஓட்டு வீடும் திண்ணையும், அதற்கும் பின்னால் மலையும் தெளிவாகத் தெரிந்தன. நகல் எடுத்து மனுவோடு வைத்தோம். ஓடு மாற்ற அனுமதி வந்துவிட்டது.